அழுகிற ஐயாவின் வலது கண்

வாகீசனின் கண்ணில் தண்ணீர் வரத் தொடங்கியது கோயிலில் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஊர் கட்டிய கதை வேறு. முதன்முதல் வந்தது மோட்டார் சைக்கிளில், தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் சோளகக் காற்று முகத்தில் அடித்தபோது. அடுத்தது வீட்டில், மின்விசிறிக்குக் கீழே இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். சம்பலில் உறைப்புக் கூடிவிட்டதாக்கும் என்று மனைவி உதயகலா நினைத்தாள். மூன்றாம் தடவைதான் கோயிலில். ஆனால் பாலத்தில் அதைப் பார்க்க ஆள் இல்லை, வீட்டில் மனைவி ஒருத்திதான். கோயிலில் இருநூறு பேர் நின்றார்கள்.

வேலடி முருகன் கோயில் ஒன்றும் பெரிய கோயில் இல்லை. பக்கத்தில் இருக்கிற செல்வச்சந்நிதிக் கோயிலுக்கு வருகிற சனம் திரும்பும்போது ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவில், நீரேரிப் பக்கமாக ஓட்டுக் கூரையோடு இருக்கிறது. பூசை இரண்டு வீட்டாருக்கு உரியது. ஒன்று வாகீசன் வீடு, மற்றது அவருடைய சித்தப்பாவின் மகன் ஜெயதீபன் வீடு. ஜெயதீபன் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். அதனால் வெள்ளிக்கிழமைப் பூசை பல வருடங்களாக வாகீசனின் கையில்தான்.

அங்கே பூசை வாய்கட்டித்தான் நடக்கும். மந்திரம் கிடையாது. வெள்ளைத் துணியை மூக்கின் நடுவிலிருந்து நாடிவரை இழுத்துப் பிடரியில் முடிச்சுப் போட்டால், பூசை முடித்து வெளியே வரும்வரை பூசகர் ஒரு சொல் பேசக் கூடாது. முடிச்சுப் போடுவதற்கு முன் சனம் வரிசையில் வந்து பேரும் நட்சத்திரமும் சொல்லும். அவற்றை எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. பூசகர் மனதில் வாங்கிக்கொண்டு உள்ளே போய், வேலுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பேராக மனதுக்குள்ளேயே சொல்ல வேண்டும். சொன்னாரா விட்டாரா என்று வெளியில் நிற்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. வாய் துணிக்குள்ளே இருக்கும், கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

அந்தக் கண்ணிலிருந்துதான் ஓடியது. தண்ணீர் என்றால் சும்மா ஒரு துளி, இரண்டு துளி இல்லை. தீபம் காட்டத் திரும்பும்போது இரண்டு கன்னத்திலும் இறங்கி, துணியை நனைத்து, நாடியில் சொட்டியது. முன்வரிசையில் நின்ற பெண்கள் அதைக் கண்டு தாங்களும் அழுதார்கள். கனடாவிலிருந்து லீவில் வந்த ஒரு குடும்பம் அதை வீடியோ எடுத்துப் போட்டது. அதோடு பிடித்தது சனி. இணுவிலிலிருந்தும் கொடிகாமத்திலிருந்தும் வாடகைக்கு வான் பிடித்து வரத் தொடங்கினார்கள். "அழுகிற ஐயா" என்று பேரும் வைத்தார்கள்.

முதலில் வாகீசனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஐம்பத்து நாலு வயது ஆம்பிளை, ஊருக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கலாமா? ஆனால் இருநூறு பேர் ஒரே கதையைச் சொன்னால் மனம் என்ன செய்யும்? நாலைந்து மாதத்தில் அவருக்கும் அப்படித்தான் பட்டது. தனக்குத் தெரியாமலே தனக்குள்ளே ஏதோ உருகுகிறது, முருகன் ஏதோ செய்கிறான் என்று நினைக்கத் தொடங்கினார். பாலத்தில் வந்த தண்ணீரையும் இடியப்பத்தோடு வந்த தண்ணீரையும் வசதியாக மறந்துபோனார்.

அவரை அப்படி நம்பவைத்தவர்களில் முக்கியமானவர் கமலாவதி. கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கிறவர், அறுபத்தெட்டு வயது. ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பஸ் மாறி வருவார். அவருடைய ஒரே மகன் சுபாஸ். 2007ஆம் ஆண்டு சைக்கிளில் கத்தரிக்காய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவன். சைக்கிளும் சாக்கும் சந்தை மதிலோடு நின்றன, அவனைக் காணவில்லை. யாரோ ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொன்னவர்களும் பிறகு கண்டதில்லை என்றார்கள். அன்று பத்தொன்பது வயது. கமலாவதி போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை. மகனுக்குத் திவசம் செய் என்று சொந்தக்காரர் சொன்னபோது அவர்களோடு கதைப்பதை விட்டுவிட்டார். திவசம் செத்தவர்களுக்குச் செய்வது. கோயிலில் பேரும் நட்சத்திரமும் சொல்வது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. அவர் வெள்ளிக்கு வெள்ளி வந்து, "சுபாஸ், பூரட்டாதி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூணோடு போய் நிற்பார்.

ஒரு வெள்ளி திருநீறு வாங்கும்போது அவர் வாகீசனிடம் சொன்னார்: "எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனான் ஐயா. என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொன்னா ஒருத்தற்றை முகமும் மாறாது. உங்கடை கண்தான் கலங்கினது."

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா, எனக்கு ஃபேனுக்குக் கீழே இருந்தாலும் இப்படித்தான் வரும் என்று ஒரு வார்த்தை. வாகீசன் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை என்பதைவிட, கேட்க இதமாக இருந்தது என்பதுதான் சரி.

இதற்குள் கண் சும்மா இருக்கவில்லை. காலையில் எழும்பினால் மணல் போட்டதுபோல அறுக்கும். பின்னேரம் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கண்ணுக்குப் பரிகாரம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது கோயில் தீர்த்தக் கிணறு. வாகீசனும் வாளியால் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, கண்ணைத் திறந்து திறந்து அடித்துக் கழுவுவார். முதலில் இரண்டு தடவை, பிறகு ஆறு தடவை, கடைசியில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. கழுவினால் ஐந்து நிமிடம் சுகம், பிறகு முந்தியதைவிட எரிவு. எரிந்தால் திரும்பவும் கிணற்றடி. மருந்துக்கடையில் சிவப்பு எடுக்கிற மருந்து ஒன்றும் வாங்கி விட்டுக்கொண்டார். இதையெல்லாம் மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்த உதயகலா ஒருநாள் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, இன்றைக்குக் கண் டொக்டரிடம் போகாவிட்டால் தான் சமைக்கப் போவதில்லை என்று சொன்னாள். வேறு வழி இல்லாமல் மனுஷன் வெளிக்கிட்டார்.

பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் டொக்டர் ஜெசிதா, முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் சிரிக்காத பிள்ளை. கீழ் இமைக்குள் ஒரு சின்னக் கடதாசித் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நிமிடத்திலேயே கடதாசி அடிவரை நனைந்து கன்னத்தில் ஒட்டியது. வாகீசனுக்கு ஒரு சின்னப் பெருமை. பிறகு மஞ்சள் மருந்து ஒன்றை விட்டு, கண்ணை வெட்டாமல், இமைக்காமல் வைத்திருக்கச் சொல்லி, டொக்டர் வாய்க்குள் எண்ணினார். மூன்றுக்கு மேலே போகவில்லை. எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். பச்சையாக மினுங்கிய கண்ணின் மேலே, கறையான் அரித்த மாதிரி, அங்கங்கே கறுப்புத் திட்டு.

"உங்களுக்கு இருக்கிறது கண் காயிற வருத்தம், ஐயா, ஒரு நோய்," என்றார் டொக்டர்.

வாகீசன் சிரித்துவிட்டார். உதயகலாவும் சிரித்தாள். துவாய்த் துண்டு இல்லாமல் வெளியே போக முடியாத மனுஷனுக்குக் கண் காய்ந்துவிட்டதாம்.

டொக்டர் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஒரு வெற்றுத் தாளை எடுத்து மூன்று கோடு போட்டு விளங்கப்படுத்தினார். கண்ணீர் என்பது தண்ணீர் இல்லை. மேலே மெல்லிய எண்ணெய், அது காய விடாது. அடியில் வழுவழுப்பு, அது கண்ணோடு ஒட்ட வைத்திருக்கும். நடுவில்தான் தண்ணீர், அதுவும் வெறும் தண்ணீர் இல்லை. கிருமியின் தோலை உடைக்கிற சத்து ஒன்று அதில் இருக்கிறது. கிருமி தின்ன வேண்டிய இரும்பைப் பறித்து வைத்துக்கொள்கிற சத்து இன்னொன்று. கிருமியைச் சூழ்ந்துகொண்டு கண்ணில் ஒட்ட விடாமல் வைத்திருப்பது வேறொன்று. கண்ணுக்கு ஊசி போட்டுக் காவல் வைக்கத் தேவையில்லை, இந்தக் கலவை சரியாக இருந்தால் அதுவே காவல். வாகீசனின் இமை ஓரத்து எண்ணெய்த் துவாரங்கள் அடைபட்டுப் போயிருக்கின்றன. எண்ணெய் இல்லாததால் மூன்று எண்ணுவதற்குள் படலம் கிழிந்து, கண் காய்கிறது. காய்ந்தால் எரிகிறது. எரிந்தால் கண் பயந்து வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெயும் இல்லை, வழுவழுப்பும் இல்லை, காவலும் போதாது. எவ்வளவு ஓடினாலும் அது கண்ணை நனைக்காது.

"அதோடை நிக்கேல்லை. காய்ஞ்ச கண்ணிலை உப்புக் கூடும். உடம்பு அதைக் கண்டிட்டு, யாரோ எதிரி வந்திட்டான் எண்டு நினைச்சு, தன்ரை ஆக்களை அனுப்பும். எதிரி இல்லை. வந்தவை சும்மா நிப்பினமோ? கண்ணைத்தான் அரிக்கினம்."

வாகீசனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இது தனக்கு ஏன் வந்தது என்று கேட்டார். டொக்டர் அவருடைய வேலையைப் பற்றி விசாரித்தார். வாய்கட்டிப் பூசை என்றதும், கட்டிக் காட்டச் சொன்னார். உதயகலா பையிலிருந்து துவாயை எடுத்துக் கொடுக்க, வாகீசன் பழக்கமான கையால் ஒரு நொடியில் கட்டினார். மூச்சு விட வேண்டுமே என்று மேல் ஓரத்தைக் கொஞ்சம் தொய்வாக, வாய் தெரியக் கூடாதென்று கீழ் ஓரத்தை இறுக்கமாக. இருபத்தாறு வருடமாக அப்படித்தான் கட்டுகிறார். டொக்டர் அவர் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உதயகலாவையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். மூச்சு முழுவதும் மேலே ஏறி நேராகக் கண்ணில் அடித்தது. கொரோனாக் காலத்தில் முகக்கவசம் போட்டவர்களிலும் இதைக் கண்டோம் என்றார் டொக்டர். முக்கால் மணித்தியாலம் கற்பூரப் புகைக்கு நடுவில் கண்ணுக்கு மூச்சுக் காற்று அடித்தால் நல்ல கண்ணே காயும், இது எண்ணெய் இல்லாத கண்.

மருந்து மூன்று வகை எழுதினார். இமைக்குச் சூட்டு ஒத்தடம் சொன்னார். துணியின் மேல் ஓரத்தை மூக்குத்தண்டோடு சேர்த்துப் பிளாஸ்ரர் ஒட்டச் சொன்னார். இதற்கெல்லாம் வாகீசன் தலையாட்டினார். கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் கண்ணில் படக் கூடாது என்றபோதுதான் மனுஷனுக்குக் கோபம் வந்தது.

"அது தீர்த்தம், டொக்டர். சாமிக்கு வாக்கிற தண்ணி."

"சாமிக்கு ஊத்துங்கோ. கண்ணுக்கு வேண்டாம். மிச்சம் இருக்கிற கொஞ்சக் காவலையும் நீங்களே கழுவி ஊத்துறியள்."

வாகீசன் வீடு வந்து தேத்தண்ணீரைக் கையில் எடுத்த பிறகுதான், அப்படியென்றால் தான் கோயிலில் அழவில்லை என்றா அந்தப் பிள்ளை சொல்லுகிறது என்று மனைவியிடம் கேட்டார். அவள், ஊர் ஆயிரம் சொல்லும், அதை நீங்கள் நம்பினதுதான் பிழை என்று சொல்லிவிட்டு ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கப் போனாள். அவளுக்கு முதலிலேயே தெரியும் போலிருக்கிறது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த வெள்ளி உதயகலா தானே நின்று பிளாஸ்ரரை ஒட்டிவிட்டாள். வாகீசன் உள்ளே போனார். விளக்கை ஏற்றினார், பூ வைத்தார். எரியவில்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு வேலை வேலாகக் காண்கிறார்! அதுவரை கலங்கிய தண்ணீருக்குள்ளால் ஒரு மினுக்கம் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. பேர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. வரிசையில் வந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, பேரும் நட்சத்திரமும் கூடவே வந்தன. சுபாஸ், பூரட்டாதி. அதைச் சொன்ன இடத்தில் அடுத்த பேருக்குப் போகாமல் நின்றார். கடைசியாக இந்தப் பேரை இங்கே நின்று சொன்னது எப்போது? நினைவில்லை. எரிவு தொடங்கிய நாளிலிருந்து நாலாம் ஐந்தாம் பேரோடு மனம் நின்றுவிடும். எப்போது தீபம் காட்டுவேன், எப்போது கிணற்றடிக்கு ஓடுவேன் என்பதுதான் மிச்ச நேரமெல்லாம். சனம் உருகுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவர் தன்னுடைய கண்ணைத் தவிர ஒன்றையும் நினைக்கவில்லை.

அன்று கண்ணீர் வரவில்லை. தீபம் காட்டத் திரும்பியபோது முன்வரிசையில் ஒரு சலசலப்பு. போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் கையை இறக்கினார்கள். இணுவிலிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், ஐயாவுக்கு அருள் குறைந்துவிட்டதோ என்று கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. அதை வாகீசன் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது கமலாவதி செய்ததைத்தான். தூணோடு நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷி, திருநீற்று வரிசைக்கு வராமல், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுவதும் வாகீசனுக்கு அதுதான் யோசனை. அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சொன்னேன், அன்றைக்குத்தான் அந்தம்மா திருநீறு வாங்காமல் போனா. இதை எப்படிச் சொல்வது? சொன்னால் முந்திய வெள்ளிகளையும் சொல்ல வேண்டும். மனுஷன் சுற்றிச் சுற்றி யோசித்து, கடைசியில் கோழைகள் எடுக்கிற முடிவையே எடுத்தார். அடுத்த வெள்ளி, வேர்வைக்குப் பிளாஸ்ரர் ஒட்டுதில்லை என்று உதயகலாவிடம் சொல்லிவிட்டு, துணியைப் பழையபடி தொய்வாகக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கண் எரிந்தது, தண்ணீர் ஓடியது, போன்கள் உயர்ந்தன. கமலாவதி இரண்டு கையாலும் திருநீறு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மனுஷிக்காகத்தான் செய்தேன் என்று வாகீசன் தனக்குத் தானே சொன்னார். அது பாதி உண்மை. உயர்ந்த போன்களைக் கண்டபோது வந்த சந்தோஷம் மற்றப் பாதி.

எரிந்த கண்ணோடு கிணற்றடிக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஒளித்து ஒளித்துப் போனார். இப்படி மூன்று வெள்ளி.

நாலாம் கிழமை செவ்வாய் காலையில் வலது கண் திறக்கவில்லை. இமை இரண்டும் சீழால் ஒட்டியிருந்தன. உதயகலா வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துத் திறந்து பார்த்தால், கறுப்பு முழியின் ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. வெளிச்சம் பட்டதும் வாகீசன் கத்திக் குழறினார். அவள் உடனே ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

டொக்டர் ஜெசிதா புள்ளியிலிருந்து சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது புண். காவல் இல்லாத இடத்தில் கிணற்றுக் கிருமி வந்து குடியிருந்துவிட்டது என்றார். நல்ல கண்ணீர் உள்ள கண்ணில் அதே தண்ணீர் பட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடந்திராது. கிருமி இறங்குகிற இடத்திலேயே செத்திருக்கும். மணிக்கு ஒருக்கால் மருந்து விட வேண்டும், இரவிலும் எழும்பி விட வேண்டும். பூசை கிடையாது, புகை கிடையாது. வலது கண்ணை மட்டும் திறந்து டொக்டரின் கைவிரலை எண்ணச் சொன்னபோது வாகீசனுக்குக் கை தெரிந்தது, விரல் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் பிடித்தது. குருட்டுக் கண்ணோடு கிணற்றடியில் தட்டித் தடவி நிற்கிற தன்னையே கண்டார்.

பிளாஸ்ரரை ஏன் விட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். வாகீசன் மறைக்காமல் கமலாவதியின் கதையைச் சொன்னார். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"அந்த அம்மாவுக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாது, ஐயா. எனக்குக் கண்தான் தெரியும். இந்த முறை ஓரத்திலை வந்தபடியால் தப்பினீங்கள். இனி வந்தால் நடுவிலைதான் தழும்பு விழும்."

ஆறு வெள்ளி ஜெயதீபன் பூசை செய்தார். கடலுக்குப் போகாமல் நிற்க வேண்டி வந்த எரிச்சலில், தனக்கு வெங்காயம் உரித்தாலும் கண்ணீர் வராது, சனம் வேறு கோயில் பார்க்கட்டும் என்று பகிடி விட்டார். சனமும் குறைந்துதான் போனது. வீட்டில் உதயகலா மணிக்கூட்டை வைத்து வைத்து மருந்து விட்டாள். மெல்ல மெல்ல வெள்ளைப் புள்ளி சுருங்கியது. விரல் தெரிந்தது, பிறகு விரலில் இருந்த மோதிரம் தெரிந்தது. புண் ஆறிய பிறகு உள்ளே நடக்கிற அரிப்பை அடக்குகிற வேறு மருந்து தொடங்கினார்கள்.

மூன்றாம் வெள்ளி பூசை முடித்துவிட்டு வந்த ஜெயதீபன் கதையோடு கதையாக ஒன்று சொன்னார். "அண்ணை, உந்தக் கொடிகாமத்து அம்மா ஒவ்வொரு வெள்ளியும் வாறா. பேர் சொல்லுங்கோ எண்டு கேட்டன், சொல்லேல்லை. நீங்கள் வந்த பிறகுதான் சொல்லுறாவாம்."

இரண்டு பஸ் மாறி வந்து, தூணோடு நின்று, மகனின் பேரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறா. வாகீசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உதயகலா அடுத்த மருந்துக்கு வந்தபோது கண் நனைந்திருந்தது. மருந்துக்கு முதல் துடைக்க வேண்டும் என்பதால் துடைத்தாள். இது எந்தத் தண்ணீர் என்று அவள் கேட்கவில்லை.

ஏழாம் வெள்ளி வாகீசன் கோயிலுக்குப் போனார். பிளாஸ்ரர் ஒட்டுவதற்கு முன்பு, வரிசையில் வந்தவர்களிடம் பேர் வாங்கினார். நாற்பது பேர்கூட இல்லை. கடைசியாகக் கமலாவதி வந்து, இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்காததுபோல, "சுபாஸ், பூரட்டாதி" என்றார். வாகீசன் தலையாட்டினார். துணியைக் கட்டினார். பிளாஸ்ரரை மூக்குத்தண்டில் தானே ஒட்டி, இரண்டு பக்கமும் விரலால் அழுத்திவிட்டு உள்ளே போனார். அந்தப் பேரை முதலில் சொன்னார். மற்றவற்றைச் சொல்லிவிட்டுக் கடைசியிலும் ஒருக்கால் சொன்னார். பத்தொன்பது வயதில் போன பெடியன் இப்போது எப்படி இருப்பான், தலை நரைத்திருக்குமோ என்றெல்லாம் யோசனை போனது. நெஞ்சு கனத்தது. கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை. தீபத்தோடு வெளியே திரும்பியபோது, மருந்தில் தேறிய கண்ணால், தூணடியில் நின்ற கமலாவதியின் முகத்தைத் தெளிவாகக் கண்டார். அது விழுந்துபோயிருந்தது.

திருநீறு கொடுத்து முடிந்தது. சனம் கலைந்தது. கமலாவதி போகவில்லை. தூணை விட்டு வந்து வாகீசனுக்கு முன்னால் நின்றார். கையை நீட்டவில்லை.

"ஐயா, இண்டைக்கும் என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லேல்லையோ?"

வாகீசனுக்கு விளங்கவில்லை. சொன்னேனே அம்மா என்றார்.

"வாய் கட்டியிருக்கிறியள். எனக்கு எப்பிடித் தெரியும்? உங்கடை கண் கலங்கினாத்தான், இப்ப என்ரை பிள்ளையின்ரை பேர் வந்திட்டுது எண்டு நினைப்பன்."

அப்படியா சங்கதி! அருளும் இல்லை, உருக்கமும் இல்லை. அந்த மனுஷிக்கு அவருடைய கண்ணீர் ஒரு அடையாளம். மகனின் பேர் வேலடிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இருந்த ஒரே அடையாளம். இவ்வளவு நாளும் அது பொய்யைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னொருக்கால் தலையை ஆட்டிச் சமாளித்துவிடலாம். வாகீசன் துணியை முழுவதுமாக அவிழ்த்து, பிளாஸ்ரரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டார். மூக்குத்தண்டு சிவந்திருந்தது.

"அது கண்ணிலை இருந்த வருத்தம், அம்மா. கண் காய்ஞ்சு எரிஞ்சு வந்த தண்ணி. எரிவிலை எனக்கு ஒண்டும் ஓடாது. தண்ணி ஓடின நாளிலையெல்லாம் நான் உங்கடை மகன்ரை பேரைச் சொல்லேல்லை. இண்டைக்கு வரேல்லை. இண்டைக்குச் சொன்னனான்."

கமலாவதி கத்துவார், திட்டுவார் என்று வாகீசன் எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"எத்தினை வெள்ளி?" என்று கேட்டார் கமலாவதி.

"சரியாத் தெரியாது, அம்மா."

"ஒரு வருசம் வருமோ?"

"ஓம். வரும்."

கமலாவதி உள்ளே நின்ற வேலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மழையிலும் வெயிலிலும் இரண்டு பஸ் மாறி வந்த வெள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று வாகீசனுக்குப் பட்டது. அவருக்கு நிற்கவே வெட்கமாக இருந்தது. கடைசியில் கமலாவதி அவர் பக்கம் திரும்பி, இப்போது சொல்லுங்கோ என்றார். வாயால், தனக்குக் கேட்கும்படி.

அந்தக் கோயிலில் வேலுக்கு முன்னால் பேரை வாய் திறந்து சொன்ன பூசகர் எவரும் இல்லை. உதயகலா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாகீசன் வேலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சுபாஸ். பூரட்டாதி."

"இன்னொருக்கா."

அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. கண் காய்ந்தே இருந்தது.

கமலாவதி இரண்டு கையையும் நீட்டித் திருநீறு வாங்கினார். நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, கோபம் தீராத குரலில்தான் சொன்னார்:

"வாற வெள்ளியும் வருவன். அண்டைக்கும் அழாதேங்கோ, ஐயா."